வெயிலுக்கு ஓர் ஒத்திகை: கட்டடங்களின் பகலொளியைக் கணினியில் கணிப்பது எப்படி?

வைகாசி மாத நண்பகலில் பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ வெட்டவெளியில் நிற்பவரிடம் ஒளிப் பற்றாக்குறை என்று பேசினால் அவர் சிரித்துவிடுவார். மேலிருந்து வெயிலும் கீழிருந்து மணலின் வெளிச்சமும் சேர்ந்து தாக்க, கண்ணைச் சுருக்காமல் பத்தடி நடக்க முடியாது. ஆனால் அதே நேரத்தில் அந்தத் தெருவின் வீடுகளுக்குள் நுழைந்து பார்த்தால், பல வீடுகளில் ஜன்னல் கதவுகள் சாத்தப்பட்டு, திரை இழுத்துவிடப்பட்டு, உள்ளே டியூப்லைட் எரிந்துகொண்டிருக்கும். வெளிச்சம் அளவுக்கு மீறிக் கொட்டுகிற ஊரில்தான் வீட்டுக்குள் இருட்டு குடியிருக்கிறது. இது ஏன் நேர்கிறது என்பதையும், கட்டடம் எழும்புவதற்கு முன்பே கணினியில் ஓர் ஒத்திகை பார்த்து இதை எவ்வாறு தவிர்க்கலாம் என்பதையும், இத்துறைக்குப் புதியவர்களுக்காக இக்கட்டுரை விளக்குகிறது.

முதலில் அளவை. ஒரு பரப்பின் மீது எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை லக்ஸ் என்னும் அலகால் அளக்கிறோம். தெளிந்த வானத்து உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். மழைமேகம் மூடிய பகலில் அது 10,000 லக்ஸ் அளவுக்கு இறங்கும். புத்தகம் படிக்க 300 லக்ஸ் போதுமானது. அதாவது, வெளியே உள்ள வெயிலில் ஆயிரத்தில் மூன்று பங்கு மேசை மீது வந்து சேர்ந்தாலே படிப்பதற்குத் தடையில்லை. ஆகவே இக்கடற்கரையில் ஒளியைக் கூட்டி உள்ளே கொண்டுவருவது பெரிய வேலை அன்று. எந்த ஒளியை, எந்தத் திசையிலிருந்து, எந்த மாதத்தில் உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று தேர்ந்தெடுப்பதுதான் வேலை.

கண்ணின் இயல்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். கண் ஒரு லக்ஸ் மீட்டர் அன்று; சற்று முன் பார்த்ததோடு ஒப்பிட்டே அது வெளிச்சத்தை உணர்கிறது. அக்னி தீர்த்தக் கரையின் வெயிலிலிருந்து இராமேசுவரம் கோயிலின் நீண்ட பிரகாரத்துக்குள் நுழைபவருக்கு முதற் சில நிமிடங்கள் தூண்களே சரியாகப் புலப்படுவதில்லை. கண் பழகிய பிறகு அதே பிரகாரத்தில் சிற்ப வேலைப்பாடுகள் வரை தெரிகின்றன. வீட்டிலும் இதுவே நடக்கிறது. ஜன்னலில் வெள்ளை வெயில் தகதகத்தால், 200 லக்ஸ் உள்ள மூலையும் இருட்டாகவே தோன்றும். கூசுகிற ஜன்னலை வீட்டார் சாத்துகிறார்கள், சாத்தியதும் உண்மையாகவே இருட்டிவிடுகிறது, விளக்கைப் போடுகிறார்கள். பகலொளி வடிவமைப்பில் கண்கூச்சத்தைத் தடுப்பதும் வெளிச்சத்தைக் கொடுப்பதும் தனித்தனி வேலைகள் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

கையால் ஒரு கணக்கு

கணினியைத் தொடுவதற்கு முன் காகிதத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பகலொளி விகிதம் என்று ஓர் அளவு உண்டு. மேகமூட்டமான நாளில் வெட்டவெளியில் கிடைக்கும் ஒளியில் எத்தனை சதவீதம் அறைக்குள் கிடைக்கிறது என்பதே அது. இந்தியத் தர நிர்ணய வழிகாட்டுதல்களில் வெளியே 8,000 லக்ஸ் இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். எனவே 1 சதவீதம் என்றால் 80 லக்ஸ். வகுப்பறை மேசைக்கு 1.9 முதல் 3.8 சதவீதம் வரை பரிந்துரைக்கப்படுகிறது.

கடற்கரைக் கிராமம் ஒன்றில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்தில் ஓர் அறை கட்டப்போவதாக வைத்துக்கொள்வோம். ஒரே சுவரில் இரண்டு ஜன்னல்கள்; சட்டம் போகக் கண்ணாடிப் பரப்பு 4 சதுர மீட்டர். சராசரிப் பகலொளி விகிதத்துக்கான எளிய சூத்திரம் இதுதான்: கண்ணாடிப் பரப்பை, கண்ணாடி ஒளியைக் கடத்தும் விகிதத்தாலும், ஜன்னலின் நடுப்புள்ளியிலிருந்து மேல்கீழாகத் தெரியும் வானத்தின் கோணத்தாலும் பெருக்க வேண்டும். பிறகு அறையின் தரை, கூரை, சுவர்கள் ஆகியவற்றின் மொத்தப் பரப்பை, ஒன்றிலிருந்து சராசரிப் பிரதிபலிப்பின் (விழும் ஒளியில் அப்பரப்புகள் திருப்பியனுப்பும் பங்கின்) வர்க்கத்தைக் கழித்து வரும் எண்ணால் பெருக்கி, முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும்.

நம் அறையின் மொத்த உட்பரப்பு 144 சதுர மீட்டர். உப்புப் படலத்துக்காகச் சற்றுக் கழித்துக் கண்ணாடியின் கடத்தலை 0.8 என்றும், சராசரிப் பிரதிபலிப்பை 0.5 என்றும் கொள்வோம். சன்ஷேடே இல்லாமல் 90 பாகை வானம் தெரிந்தால் விடை 2.67 சதவீதம், அதாவது ஏறத்தாழ 213 லக்ஸ்; வகுப்பறைக்குப் போதும். ஆனால் சன்ஷேடு இல்லாத ஜன்னலை இந்த ஊரில் யாரும் வைக்க மாட்டார்கள். லிண்டல் மட்டத்தில் 60 சென்டிமீட்டர் சன்ஷேடு போட்டால், 1.2 மீட்டர் உயர ஜன்னலின் நடுவிலிருந்து தெரியும் வானம் 45 பாகையாகச் சுருங்கி, விடை 1.33 சதவீதமாக, அதாவது சுமார் 107 லக்ஸாகப் பாதியாகிறது. சுவரில் வெள்ளையடித்துப் பல ஆண்டுகளாகி, பிரதிபலிப்பு 0.3 ஆக இறங்கிவிட்டால் 1.1 சதவீதம், 88 லக்ஸ்தான் மிஞ்சும்.

ஐந்து நிமிடத்தில் இத்தனை தெரிந்துவிடுகிறது என்பதால் இந்தச் சூத்திரத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆயினும் அதற்குத் தெரியாதவை பல. வெயில் என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. மேகம் மூடிய வானத்தை மட்டுமே அது அறியும். வடக்கு ஜன்னலுக்கும் தெற்கு ஜன்னலுக்கும் ஒரே விடையையே தரும். இலண்டனில் கட்டினாலும் தங்கச்சிமடத்தில் கட்டினாலும் விகிதம் மாறாது. வாசலில் கிடக்கும் வெண்மணல் ஒளியைச் சன்ஷேடின் அடிப்பகுதிக்கும் அறையின் கூரைக்கும் வாரி இறைப்பதை அது கணக்கில் கொள்வதே இல்லை. நம் கரைக்கு முக்கியமானவை எவையோ அவையெல்லாம் விடுபட்டுப்போகின்றன. கணினி ஒத்திகை தேவைப்படுவது இங்கேதான்.

கணினி என்ன செய்கிறது?

சிமுலேஷன் என்று பொதுவாக அழைக்கப்படும் இந்த ஒத்திகைக்கு மூன்று செய்திகளைத் தர வேண்டும்: கட்டடத்தின் முப்பரிமாண வடிவம், ஒவ்வொரு பரப்பும் ஒளியை எவ்வாறு திருப்பியனுப்புகிறது அல்லது கடத்துகிறது என்ற விவரம், வானத்தின் நிலை. இவற்றைக் கொண்டு, மேசையின் மீது நாம் குறிக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை லக்ஸ் விழும் என்பதைக் கணினி கணிக்கிறது.

கணிக்கும் முறை நாம் எதிர்பார்ப்பதற்குத் தலைகீழானது. சூரியனிலிருந்து புறப்படும் கதிர்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்தால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை நம் அறைக்குள் வரவே வராது, உழைப்பு வீணாகும். ஆகவே மேசையின் புள்ளியிலிருந்து தொடங்கி, கையிலிருக்கும் வலைக்கயிற்றைப் பற்றிக்கொண்டே மறுமுனை எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று தேடிப்போவதைப் போல, கதிர்களைப் பின்னோக்கி அனுப்புகிறார்கள். ஒரு கதிர் ஜன்னல் வழியே வானத்தைத் தொட்டால் அந்த இடத்து வானத்தின் ஒளி கணக்கில் சேரும். சுவரில் முட்டினால் அந்தச் சுவருக்கு ஒளி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும். அங்கிருந்து மீண்டும் கதிர்கள் கிளம்பும். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் 1980களில் கிரெக் வார்ட் உருவாக்கத் தொடங்கிய ரேடியன்ஸ் என்னும் மென்பொருள் இந்த முறையில்தான் இயங்குகிறது. இன்று அதைக் கட்டணமின்றிப் பெறலாம். ஹனிபீ, டேசிம் போன்ற, வடிவமைப்பாளர்கள் நேரடியாகக் கையாளும் கருவிகள் பலவற்றுக்குள்ளும் கணக்குப் போடுவது ரேடியன்ஸே.

வானத்தையும் கணக்காக மாற்ற வேண்டும். முழுதும் மேகம் மூடிய வானத்துக்கான சர்வதேச மாதிரியில், உச்சி வானம் அடிவானத்தைவிட மூன்று மடங்கு பிரகாசமானது. ஆனால் நமக்கு ஆண்டு முழுவதும் வெவ்வேறு வானம். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம். இரவு நீங்கலாக மீதியுள்ள ஒவ்வொரு மணிக்கும் கதிர்களைத் தனித்தனியாக அனுப்பினால் கணினி நாட்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி உண்டு. டிரெகென்சா, வாட்டர்ஸ் என்னும் இருவர் 1983இல் முன்வைத்த கருத்து அது: வானத்தைச் சிறு சிறு துண்டுகளாக, வழக்கமாக 145 துண்டுகளாக, பிரித்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு துண்டும் மேசைப் புள்ளிக்கு எவ்வளவு பங்களிக்கும் என்பதை ஒரே ஒரு முறை கணித்துவைக்க வேண்டும், பிறகு அந்தந்த மணிக்கு அந்தந்தத் துண்டின் பிரகாசத்தால் பெருக்கிக் கூட்டினால் போதும். கட்டடம் மாறாதவரை பங்கும் மாறாது. வானம் மட்டுமே மாறும். துண்டுகளின் பிரகாசத்தை, வானிலைக் கோப்பிலுள்ள (ஓர் ஊரின் ஆண்டு முழுவதற்குமான, மணிக்கு மணி வானிலை விவரங்கள் அடங்கிய கோப்பு அது) நேரடி வெயிலையும் பரவிய ஒளியையும் கொண்டு வருவிக்க, 1993இல் பெரெஸ் முதலியோர் வெளியிட்ட மாதிரி பெரிதும் பயன்படுகிறது.

வடக்கு ஜன்னலுக்குள் வரும் வெயில்

வெளிநாட்டுக் கட்டடக்கலைப் பாடநூல்களில் பயின்றவர்கள் வடக்கு ஜன்னலில் நேர்வெயில் படாது என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அது ஐரோப்பாவுக்குப் பெரும்பாலும் பொருந்தும். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் கரை வடக்கு அட்சரேகை ஒன்பது முதல் ஒன்பதே முக்கால் பாகைக்குள் அடங்கிவிடுகிறது. சித்திரை முதல் நாளையொட்டி இராமேசுவரத்தில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை, நான்கு மாதங்களுக்கும் மேலாக, நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது.

ஜூன் 21 அன்று நண்பகலில் அது வடக்கில் 76 பாகை உயரத்தில் இருக்கும். நம் 60 சென்டிமீட்டர் சன்ஷேடு அப்போது ஜன்னல் முழுவதையும் நிழலில் வைத்துவிடும், கவலை இல்லை. ஆனால் மாலை, சூரிய நேரப்படி (சூரியன் உச்சிக்கு வரும் பொழுதை 12 மணி என்று கொண்டு) 4 மணிக்கு, சூரியன் மேற்கிலிருந்து 22 பாகை வடக்கே விலகி, 31 பாகை உயரத்துக்கு இறங்கியிருக்கும். அதே சன்ஷேடின் நிழல் இப்போது 97 சென்டிமீட்டர் வரைதான் எட்டும். ஜன்னலின் கீழ்ப்பகுதியில் ஓர் அடிக்குச் சற்றுக் குறைவாக வெயில் விழும். 5 மணிக்கு நிழல் பாதிக்கும் குறைவாகச் சுருங்கி, 70 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெயில் சாய்வாக உள்ளே பாயும். பள்ளி விட்டு வந்து பிள்ளைகள் படிக்க உட்காரும் நேரம் அது. சன்ஷேடை இன்னும் நீட்டுவது இதற்கு மருந்தாகாது, ஏனெனில் வெயில் பக்கவாட்டில் வருகிறது. ஜன்னலின் மேற்குப் பக்கத்தில் செங்குத்தான ஒரு தடுப்புச் சுவர் வேண்டும்.

தெற்கு ஜன்னலின் கதை வேறு. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தெற்கில் 57 பாகையில் நிற்கும்; 60 சென்டிமீட்டர் சன்ஷேடு 93 சென்டிமீட்டருக்கு நிழல் தரும்; அடியில் 27 சென்டிமீட்டர் மட்டுமே வெயில் விழும். சன்ஷேடைச் சற்று நீட்டினால் அதுவும் நின்றுவிடும். ஆண்டின் பெரும்பகுதியில் நம் ஊரில் அடக்குவதற்கு எளிது தெற்கு ஜன்னலே. கிழக்கும் மேற்கும் எந்தச் சன்ஷேடுக்கும் அடங்காதவை. அத்திசைகளில் தாழ்வாரம்தான் பொருத்தம் என்பதை நம் பழைய கொத்தனார்கள் மென்பொருள் இல்லாமலே அறிந்திருந்தார்கள்.

இந்தக் கோணங்களைக் கால்குலேட்டரிலேயே போடலாம். ஆனால் இரண்டு ஜன்னல், ஒரு தாழ்வாரம், பக்கத்து வீட்டுச் சுவர், முன்னால் நிற்கும் வேப்பமரம், அதோடு ஆண்டின் எல்லாப் பகல் மணிகளும் என்று வரும்போது கையால் ஆகாது.

ஆண்டு முழுவதற்குமான அளவுகள்

ஒத்திகை முடிந்ததும் மேசையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆயிரக்கணக்கான எண்கள் கிடைக்கும். அவற்றைச் சுருக்கிச் சொல்லச் சில அளவுகள் உள்ளன. ஓர் ஆண்டில் காலை 8 முதல் மாலை 6 வரையுள்ள நேரத்தில் பாதிக்குக் குறையாமல் 300 லக்ஸ் கிடைக்கும் தரைப்பரப்பு எத்தனை சதவீதம் என்பது ஓர் அளவு. நேர்வெயில் மட்டுமே 1,000 லக்ஸைத் தாண்டி, ஆண்டில் 250 மணி நேரத்துக்கு மேல் விழும் பரப்பு எவ்வளவு என்பது மற்றொன்று. முன்னது கூட வேண்டும்; பின்னது குறைய வேண்டும்.

நபில், மர்தால்ஜெவிக் ஆகியோர் 2005இல் முன்மொழிந்த பயன்படு பகலொளி என்னும் அளவு நமக்கு இன்னும் பொருந்துவதாக நான் கருதுகிறேன். 100 லக்ஸுக்குக் கீழே இருட்டு, 2,000க்கு மேலே தொல்லை, இடைப்பட்டதே பயன் என்று அது ஆண்டின் நேரத்தை மூன்றாகப் பிரிக்கிறது. இந்தியாவின் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பும் இந்த அளவையே ஏற்றுக்கொண்டது. வெளிச்சம் குறைந்த நாடுகளில் நடுப்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் பார்ப்பார்கள். இங்கே முதலில் பார்க்க வேண்டியது 2,000 லக்ஸுக்கு மேற்பட்ட நேரத்தைத்தான். ஜன்னலைச் சாத்தவைக்கும் மணித்துளிகள் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

நேர அட்டவணையையும் மென்பொருளின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது. காலை 8 முதல் மாலை 6 வரை என்பது அலுவலகக் கணக்கு. பள்ளிக்கூடம் என்றால் வெயில் உச்சியில் இருக்கும் மே மாதம் முழுவதும் விடுமுறை. வடகிழக்குப் பருவமழை மேகங்கள் கவியும் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. ஆண்டுச் சராசரி எவ்வளவு அழகாக வந்தாலும், அந்த மழைநாட்களின் காலையில் பின்வரிசை மேசைக்கு எத்தனை லக்ஸ் என்பதைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

நம் கரையைக் கணினிக்குச் சொல்வது

மென்பொருளில் முன்கூட்டியே நிரப்பப்பட்ட எண்கள் இருக்கும்: கூரை 0.7, சுவர் 0.5, தரை 0.2, வெளித்தரை 0.2. இவற்றை மாற்றாமல் ஓட்டினால் எங்கோ உள்ள ஓர் அலுவலகத்துக்கான விடை கிடைக்குமே ஒழிய, நம் அறைக்கான விடை கிடைக்காது. உலர்ந்த வெண்மணலின் பிரதிபலிப்பு அந்த 0.2ஐப் போல ஏறத்தாழ இருமடங்கு. சன்ஷேடு வானத்தை மறைத்த பிறகு ஜன்னலுக்கு வரும் ஒளியில் பெரும்பங்கு இந்த மணலிலிருந்துதான் வருகிறது. அது கீழிருந்து மேல்நோக்கிப் போய்க் கூரையில் பட்டுப் பரவுகிறது. ஆகவே கூரையின் அடிப்பகுதியை வெள்ளையாக வைத்திருப்பதே இங்கே மலிவான ஒளிக்கருவி. வாசலில் சிமெண்ட் தளம் போட்டாலும் புல் வளர்த்தாலும் கணக்கு மாறும். சிவப்பு ரெட் ஆக்சைடு தரை 0.2க்கும் கீழே போகலாம்; கண்ணுக்குக் குளிர்ச்சி, ஒளிக்கு நட்டம்.

கண்ணாடிக்கும் இதே கதைதான். புதிய வெறுங்கண்ணாடி 88 சதவீத ஒளியைக் கடத்தும். கடற்காற்றில் சில வாரங்களிலேயே படியும் உப்புப் படலத்துக்கும், கிரில் கம்பிகளுக்கும், கொசுவலைக்கும் கழிக்க வேண்டும். ஒளியை உள்ளே திருப்ப ஜன்னலின் இடையில் கிடைமட்டப் பலகை வைக்கும் உத்தியைப் பல நூல்கள் புகழ்கின்றன; ஒத்திகையில் அது நன்றாகவே தெரியும். ஆனால் பலகையின் மேற்புறம் மணலும் உப்பும் படிந்து மங்கிவிடும்; ஏணி போட்டு யாரும் துடைக்கப்போவதில்லை. எண்களில் வெல்லும் எல்லாம் பாம்பனில் வெல்லாது.

வானிலைக் கோப்பிலும் கவனம் வேண்டும். கைக்குக் கிடைத்தது என்று சென்னைக் கோப்பைப் போட்டுவிடக் கூடாது. பல மென்பொருள்கள் அட்சரேகையையும் அந்தக் கோப்பிலிருந்தே எடுத்துக்கொள்வதால், மேகம் மட்டுமல்லாமல் சூரியனே இடம் மாறிவிடும். சென்னை நமக்கு ஏறத்தாழ நான்கு பாகை வடக்கே உள்ளது.

தொடங்குபவர் தடுமாறும் இடங்களில் இரண்டைச் சொல்கிறேன். ஒளி சுவரில் பட்டு எத்தனை முறை துள்ளலாம் என்ற எண் ரேடியன்ஸின் அடிப்படைக் கட்டளைகளில் சுழியமாக இருக்கும். அதை மாற்றாவிட்டால் ஜன்னலுக்கு எதிரே உள்ள மூலை கரியாகத் தெரியும், வடிவமைப்பாளர் பதறிப்போய்க் கூடுதலாக ஒரு ஜன்னல் வைப்பார். அறைகளுக்கு ஐந்து துள்ளல் நல்ல தொடக்கம்.

இரண்டாவது, தீர்க்கரேகையின் குறி. ரேடியன்ஸின் வானக் கட்டளை மேற்கை நேர்க்குறியாகக் கொள்கிறது. இந்தியாவுக்கு எதிர்க்குறி இட வேண்டும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. மாதிரியில் அறைக்கு வெளியே 3 மீட்டர் கம்பம் ஒன்றை நட்டு, தேதியை ஏப்ரல் 14 என்றும் நேரத்தைப் பகல் 12.13 என்றும் கொடுங்கள். இராமேசுவரம் இந்திய நேரத்துக்குரிய 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு மேற்கே 79.3 பாகையில் இருப்பதால், அன்று உச்சிப் பொழுது அங்கே அப்போதுதான் வரும். கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே ஏறக்குறைய மறைந்துவிட வேண்டும். மாறாக, நிழல் கிழக்கு நோக்கி 33 சென்டிமீட்டர் அளவுக்கு நீண்டு கிடந்தால், ஊரின் தீர்க்கரேகை, நேர வலயத்தின் தீர்க்கரேகை இரண்டையும் நேர்க்குறியோடு கொடுத்துவிட்டீர்கள், சூரியன் இருபத்தைந்து நிமிடம் முந்தி ஓடுகிறது என்று பொருள். குறியைத் திருத்திவிட்டு, முதலிலிருந்து ஓட்டுங்கள்.